பதினோராவது படம்

அடிக் இருமியது.

டாக்டர் ஹலிஜா மவுஸை நகர்த்தாமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள். எதிரே மூன்று திரைகள். மற்றபடி அறை முழுக்க இருட்டு. எக்ஸ்ரே பார்க்கும் அறைக்குப் பகல், சாயங்காலம் என்றெல்லாம் கிடையாது. வெளியே தைப்பிங்கின் அந்தி மழை கொட்டிக்கொண்டிருக்கும். உள்ளே அது கேட்காது. ஒலிப்பதிவுக்குத் தொந்தரவு இருக்கக்கூடாது என்று சுவருக்கும் கதவுக்கும் தடித்த பஞ்சுத்துணி அடித்திருந்தார்கள். குளிர்சாதனத்தின் மெல்லிய உறுமல், ஈரத் துணியின் நாற்றம், சூடான பிளாஸ்டிக் வாசனை, நோன்பு வைத்த வாயின் வறட்சி. இவ்வளவுதான் அவளுடைய மாலை நேரம்.

அடிக் என்பது இயந்திரம். படங்களைப் பார்த்து அறிக்கை எழுதி, அதை அவளுக்கு வாசித்துக் காட்டும். மலாய் மொழியில் தம்பிக்கும் தங்கைக்கும் அந்த ஒரே சொல்தான். ஆஸ்பத்திரியில் யாரோ விளையாட்டுக்கு வைத்த பெயர் ஒட்டிக்கொண்டது. வாசிக்கும் குரல் ஹலிஜாவுடையது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் மூன்று நாள் காலையில் உட்கார்ந்து முந்நூறு வாக்கியங்களைப் படித்துக் கொடுத்திருந்தாள். பிரிவுத் தலைவர் லோக் வெளியே தே தாரிக் டீயோடு காத்திருப்பான். "நல்ல குரல் ஜா, ரேடியோக்குப் போயிருக்கலாம் லா" என்பான்.

அப்போது அவளுக்கு இருமல் இல்லை. இருமல் வந்தது இந்த வருஷம்தான்.

மேசையில் இருந்த இன்டர்காம் பேசியை அழுத்தினாள். "பல்விந்தர், என் குரல யாராவது புதுசா பதிவு பண்ணீங்களா?"

எக்ஸ்ரே எடுக்கும் பல்விந்தர் கவுர் கவுன்டரிலிருந்து சிரித்தாள். ஹலிஜாவை அவள் மலாய் வழக்கப்படி காக் ஜா, அதாவது ஜா அக்கா, என்றுதான் கூப்பிடுவாள். "யாரும் பண்ணல காக் ஜா. அதான் மைக் எப்பவும் திறந்தே கிடக்கே. நீங்க பேசறதெல்லாம் கேட்டுக்கிட்டே இருக்கு. ஏன், உங்க மாதிரியே புலம்புதா?"

"இருமுது."

"ஐயோ, அதுக்கும் நோன்பு போல. பாவம், ஒரு பேரீச்சம்பழம் குடுங்க."

ஹலிஜாவும் சிரித்துவிட்டாள். சிரித்ததில் அவளுக்கே இருமல் வந்தது. நோன்பு மாதத்தில் தொண்டை காய்வது ஒன்றும் அதிசயமில்லை என்று முதல் வாரத்திலிருந்தே தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தாள்.

இன்னும் ஒரே வேலைதான் பாக்கி. பணியாளர் படங்கள். கதிர்களோடு வேலை செய்கிறவர்கள் வருஷத்துக்கு ஒரு முறை நெஞ்சுப் படம் எடுத்துக்கொள்ள வேண்டும். பதினேழு பேர். இந்தப் படங்களை யாரும் பார்ப்பதில்லை. எந்த ஆஸ்பத்திரியிலும் வெளியே சொல்லிக்கொள்கிற சங்கதி இல்லை இது, ஆனால் எல்லோருக்கும் தெரியும். நம்ம ஆட்கள்தானே, தினமும் பார்க்கிறோம், நடக்கிறார்கள், சாப்பிடுகிறார்கள், சண்டை போடுகிறார்கள், அவர்களுக்கு என்ன வந்துவிடப்போகிறது? யாராவது ஜோக் அடிப்பார்கள், டாக்டர் மொத்தமாக ஒரு கட்டைவிரல் ரேகை வைப்பாள், அடுத்த வேலைக்குப் போய்விடுவார்கள். போன வருஷம் நோன்பு திறக்கக் கிளம்பும் அவசரத்தில் கைப்பையை மாட்டிக்கொண்டே வைத்தாள்.

அறிக்கையைத் திறந்ததும் கதவுக்கு மேலே சிவப்பு விளக்கு எரிந்தது. பூட்டு விழும் சத்தம் கேட்டது. இதுவும் லோக்கின் ஏற்பாடுதான். அறிக்கை நடக்கும்போது யாரும் உள்ளே வந்து தொந்தரவு செய்யக்கூடாது. அவள் விரல் வைத்துக் கையெழுத்திட்ட பிறகுதான் கதவு திறக்கும். அதுவரைக்கும் வார்டிலிருந்து யாராவது பேசியில் கூப்பிட்டால், "பத்து நிமிஷம், ரெடியாகுது" என்று அவள் குரலிலேயே அடிக் பதில் சொல்லிவிடும். அந்த வசதி அவளுக்குப் பிடித்துத்தான் இருந்தது.

"ஒன்று. நுரையீரல்கள் தெளிவாக உள்ளன," என்றது அவள் குரல். "இரண்டு. நுரையீரல்கள் தெளிவாக உள்ளன."

கட்டைவிரலை நீட்டினாள்.

"பத்து. நுரையீரல்கள் தெளிவாக உள்ளன. பதினொன்று." ஓர் இருமல். ஈரமில்லாத, அடித்தொண்டை இருமல். "நுரையீரல்கள் தெளிவாக உள்ளன. பன்னிரண்டு."

விரல் அந்தரத்தில் நின்றது. மறுபடி முதலிலிருந்து ஓடவிட்டாள். ஒன்று முதல் பத்து வரை சுத்தமாக வந்தது. பதினொன்றில் இருமல். மூன்றாம் முறையும் பதினொன்றில்தான்.

பதினொன்று யார் என்று பெயரைப் பார்த்தாள். ஹலிஜா பிந்தி முஸ்தபா. வயது ஐம்பத்தாறு.

படத்தைத் திறந்தாள். முப்பது வருஷப் பழக்கம் அவள் கண்ணை நேரே வலது காறையெலும்புக்குக் கொண்டுபோயிற்று. அந்த எலும்புக்குப் பின்னால்தான் எதுவும் ஒளிந்துகொள்ளும். முதலில் அங்கே பார், மற்றதெல்லாம் அப்புறம் என்பது அவள் வழி. அடிக்குக்கும் அதைத்தான் ஆயிரக்கணக்கான படங்களில் கோடு போட்டுக் காட்டியிருந்தாள்.

அங்கே இருந்தது. வெள்ளையாக, ஓரங்கள் பிசிறடித்து, ஒரு ரம்புத்தான் கொட்டை அளவுக்கு.

போன வருஷப் படத்தைப் பக்கத்துத் திரையில் போட்டாள். அதிலும் இருந்தது, கடலை அளவு. அதற்கு முந்தைய வருஷம் மிளகு அளவு. மூன்றிலும் 'தெளிவாக உள்ளன'. பழைய இரண்டிலும் அவள் கட்டைவிரல் ரேகை. வேறொருவர் படமாக இருந்தால் நாலு வினாடியில் கண்டுபிடித்திருப்பாள். முதலில் தன்மேல்தான் கோபம் வந்தது. முட்டாள், முட்டாள் என்று வாய்விட்டே சொன்னாள்.

அப்புறம்தான் இன்னொன்று தோன்றியது. நான் பார்க்கவில்லை, சரி. அடிக் பார்த்திருக்குமே?

ஒவ்வொரு படத்துக்கும் பின்னால் ஒரு தடம் இருக்கும். யார் திறந்தார்கள், யார் என்ன செய்தார்கள் என்று நாள், நேரத்தோடு பதிந்திருக்கும். அதை யாரும் திறப்பதில்லை. அவள் திறந்தாள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால்: அடிக் சிவப்பு அடையாளம் வைத்திருக்கிறது. வலது மேல்பகுதி, புற்றுக்கட்டி சந்தேகம், அவசரம். இருபது நிமிஷம் கழித்து ஒருவர் அதை மறைத்திருக்கிறார். லோக் வெய் மெங். காரணம் எழுதும் கட்டத்தில்: 'டாக்டருக்குக் காட்ட வேண்டாம். பயிற்சி முடியட்டும்.'

போன வருஷம்: மறுபடி சிவப்பு. மறுபடி லோக். 'காட்ட வேண்டாம். இன்னும் ஒரு வருஷம்.'

இந்த வருஷம் சிவப்பே இல்லை. பதினோராம் எண்ணை அப்படியே விட்டுவிட வேண்டும் என்று அடிக் கற்றுக்கொண்டுவிட்டது.

ஹலிஜா முதல் பதிவின் தேதியை மறுபடி பார்த்தாள். அந்தத் தேதி அவளுக்கு மறக்காது. அந்த வாரம்தான், பதினான்கு வருஷம் காத்திருந்த ஹஜ் யாத்திரைக்கு அவள் முறை வந்துவிட்டதென்று கடிதம் வந்தது. லோக் வீட்டுக்கே வந்தான். கெத்துப்பாட் அரிசிக் கட்டியும் சேமூர் இறைச்சிக் குழம்பும் சாப்பிட்டுவிட்டு, அவள் புருஷன் பக்கத்தில் உட்கார்ந்து, "ரெண்டே வருஷம் தள்ளிப்போடு ஜா. உன் கண்ணு இல்லாம அடிக்குக்கு ஒண்ணும் தெரியாது. அதோட ஒப்பந்தமே உன் பேர்லதான் நிக்குது. ரெண்டு வருஷம் கழிச்சு நானே ஏர்போர்ட்ல கொண்டுவந்து விடறேன் லா" என்றான். அவள் தள்ளிப்போட்டாள். ஹஜ்ஜுக்குப் போகிறவர்களுக்கு வெளியே ஓர் ஆஸ்பத்திரியில் நெஞ்சுப் படம் எடுப்பார்கள். முன்பின் தெரியாத ஒருவர் அதைப் பார்த்திருப்பார். அது லோக்குக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது. இருபத்திரண்டு வருஷ சிநேகிதன். அவன் மகள் கல்யாணத்தில் இவள்தான் முன்னால் நின்றாள். அவள் செத்தாலும் பரவாயில்லை, அவள் கண் மட்டும் வேண்டும் என்று உட்கார்ந்து யோசித்திருக்கிறான். துரோகி. அந்த ஒரு சொல்தான் அவளுக்கு வந்தது.

அழுகையை விழுங்கினாள். முதலில் இது பதிவாக வேண்டும். சரியான அறிக்கை, இன்றைய தேதியில், அவள் கையெழுத்தோடு. அது இருந்தால் நாளைக்கே ஈப்போ பெரிய ஆஸ்பத்திரியில் சிகிச்சை தொடங்கலாம். லோக்கால் இல்லை என்று சொல்ல முடியாது. மைக்கை இழுத்தாள்.

"எண் பதினொன்று. வலது நுரையீரல் மேல்பகுதியில், காறையெலும்புக்குப் பின்னால், இருபத்தாறு மில்லிமீட்டர் கட்டி."

திரையில் எழுத்துகள் வந்தன. நுரையீரல்கள் தெளிவாக உள்ளன.

அழித்தாள். மறுபடி சொன்னாள். நுரையீரல்கள் தெளிவாக உள்ளன.

விசைப்பலகையில் அடித்தாள். க, ட், டி. எழுத்துகள் ஒரு கணம் நின்றன. பிறகு அவள் கண்முன்னாலேயே ஒவ்வொன்றாக மாறின. தெ. ளி. வு.

பேசி கிணுகிணுத்தது. "காக் ஜா, நான் கிளம்பறேன். உங்க போன் சார்ஜ் ஆயிடுச்சு. கவுன்டர்லயே இருக்கு."

"பல்விந்தர்!" என்று கத்த வாயெடுத்தாள். இருமல் குறுக்கே வந்து மூச்சை அடைத்தது.

"சரிம்மா, நீ போ," என்றது அவள் குரல். "பசார்ல கூட்டமா இருக்கும். மழையில பாத்துப் போ."

"சரி காக் ஜா. நாளைக்குப் பாக்கலாம்."

பேசி அணைந்தது.

ஹலிஜா மைக்கின் ஒயரைப் பிடுங்கினாள். பேசியின் ஒயரையும் பிடுங்கினாள். கதவுக்கு ஓடி, கைப்பிடியை இழுத்தாள். அசையவில்லை. சிவப்பு விளக்கு எரிந்துகொண்டேயிருந்தது. மேசையில் கைரேகைக் கண்ணாடி பச்சையாக மினுங்கியது. விரல் வைத்தால் திறக்கும். 'தெளிவாக உள்ளன' என்பதன் கீழே. அவள் ரேகை, இன்றைய தேதி. அப்புறம் யார் கேட்டாலும், நீங்களே பார்த்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்களே டாக்டர், மூன்று வருஷமாக?

கட்டைவிரலை உள்ளே மடக்கி முஷ்டியை இறுக்கிக்கொண்டாள்.

வெளியே காலடி. பஞ்சு வைத்த கதவிலும் அந்த நடை அவளுக்குத் தெரியும். இடது காலைச் சற்று இழுத்து வைக்கும் நடை. பிடுங்கிப் போட்ட பேசியில் விளக்கு எரிந்தது.

"ஜா, இன்னுமா முடியல? நோன்பு திறக்க அஞ்சு நிமிஷம்தான் இருக்கு. பள்ளிவாசல்ல புபுர் லம்புக் வாங்கிட்டு வந்தேன். ஆறிடும் லா."

இருபத்திரண்டு வருஷமாக ஒவ்வொரு நோன்புக்கும் வரிசையில் நின்று அவன் வாங்கி வரும் கஞ்சி.

ஹலிஜா இரண்டு கையாலும் கதவை அறைந்தாள். "லோக்! தடத்தைப் பாத்துட்டேன் நான்! கதவத் திற!" குரல் கரகரத்தது. தொண்டைக்குள் ஏதோ கிழிந்தது போல எரிந்தது.

"என்ன சத்தம் அது?"

"நாற்காலி விழுந்துச்சு," என்றது அவள் குரல், அமைதியாக. "பணியாளர் படம் முடியப்போகுது. கஞ்சிய கதவுல மாட்டிட்டுப் போ லோக்."

பின்னோடு ஓர் இருமல். யாருடையது என்று அவளுக்கே தெரியவில்லை.

காலடி கதவுக்கு இன்னும் நெருங்கி வந்தது.

"இந்த இருமல்..." லோக்கின் குரல் தாழ்ந்தது. "ஜா. நீ உன் படத்தப் பாத்தியா?"

கேட்கிறான். கடைசியில் கேட்டுவிட்டான். சொல்லிவிடுவான். கதவில் நெற்றியை முட்டிக்கொண்டு, வராத குரலில், பார்த்தேன், பார்த்தேன் என்று உதட்டை அசைத்தாள்.

"பாத்துட்டேன்," என்றது அடிக். "தெளிவா இருக்கு."

நெடிய மூச்சு ஒன்று கேட்டது. அவனுக்குத் தெரியும். அது பொய் என்று இந்த உலகத்திலேயே அவனுக்கு மட்டும்தான் தெரியும்.

"அப்படியா," என்றான் லோக். "நல்லது. அப்ப சரி."

கைப்பிடியில் பிளாஸ்டிக் பை உரசும் சத்தம். இடது கால் இழுபட்டது. தூரமாயிற்று. பிறகு அதுவும் இல்லை.

கதவின் அடியிடுக்கு வழியாகக் கஞ்சியின் மிளகு வாசனை வந்தது. எங்கோ பாங்கு ஒலித்திருக்க வேண்டும். உள்ளே கேட்கவில்லை.

திரும்பினாள்.

அவள் எதையும் தொடவில்லை. நடுத்திரையில் பட்டியல் தானாக நகர்ந்துகொண்டிருந்தது. பணியாளர் படங்கள், எண் பதினொன்று. தேதி அடுத்த வருஷம், நோன்பு மாதம். படம் திறந்தது. வலது பக்கம் பாதிக்கு மேல் வெள்ளை.

"நுரையீரல்கள் தெளிவாக உள்ளன." கீழே அவள் கட்டைவிரல் ரேகை.

முஷ்டி இன்னும் மூடியேதான் இருந்தது.

அதற்கு அடுத்த வருஷம். எண் பதினொன்று. ஹலிஜா பிந்தி முஸ்தபா. படம் திறந்தது. விலா எலும்பு இல்லை. இதயம் இல்லை. காறையெலும்பு இல்லை. மூலையில் பெயர் மட்டும் இருந்தது. மற்றதெல்லாம் வெறும் கறுப்பு.

அவள் குரல் இருமிக்கொண்டது. பிறகு, எந்த அவசரமும் இல்லாமல், வாசித்தது.

"நுரையீரல்கள் தெளிவாக உள்ளன."

கறுப்பின் கீழே, ஒவ்வொரு கோடாக, அவள் ரேகை பதிந்துகொண்டிருந்தது.