பழுப்புத் தண்ணீர்

செவ்வாய்க் குமிழி நகரில் பிள்ளைகளுக்குப் பன்னிரண்டு வயதானதும் சிறுநீரகங்களை எடுத்துவிடுவார்கள். காதுகுத்துக்கு வருவதுபோல் உறவினர்கள் இனிப்போடு வந்து பார்த்துவிட்டுப் போவார்கள். அந்த இடத்தில் பொருத்தப்படும் குருதித்துலக்கி, ரத்தத்திலுள்ள கழிவுகளைச் சிதைத்து மூச்சுக்காற்றோடு அனுப்பிவிடும். தினமும் காலையில் தூய்மை அளவைக் காதுக்குள் சொல்லும்.

மாதங்கிக்கு இருபது ஆண்டுகளாக அது தொண்ணூற்றொன்பதுக்குக் கீழே சொன்னதில்லை. ஆனாலும் கொஞ்ச நாளாக ஒரே அசதி, கால்களில் கனம். பாசிப் பண்ணையில் ஒரு மாதமாக இரட்டை வேலை பார்ப்பதை அவள் பெரிதாக நினைக்கவில்லை.

"சுத்தம் சுத்தம்னு சொல்லுதே, வெளிய வந்த அழுக்க நீ என்னைக்காவது கண்ணால பாத்திருக்கியா?" என்றாள் பக்கத்து வீட்டுக் கன்னிகா. அதைக் கால் வழியாக இறக்கும் செய்முறையும் அவளே சொன்னாள். வெந்நீர், ஒரு கை உப்பு, கொஞ்சம் வினிகர், விளக்கு பேட்டரியில் இணைத்த இரண்டு இரும்புத் தகடுகள்.

தொட்டியில் பாதங்களை வைத்த பத்தாவது நிமிடம் தண்ணீர் மஞ்சளித்தது. பிறகு பழுப்பானது. கணுக்காலைச் சுற்றிச் சளிபோல் நுரை கட்டியது. விரலிடுக்கில் கரிய செதில்கள் ஒட்டின. மாதங்கி பாதங்களை வெளியே இழுத்துக்கொண்டாள். இத்தனையும் தனக்குள்ளா கிடந்தது? சொந்த எச்சிலை விழுங்கக்கூட அருவருப்பாக இருந்தது. குருதித்துலக்கியோ மறுநாள் காலையிலும் தொண்ணூற்றொன்பது என்றது. பொய்க்காரச் சனியன் என்று அதை அணைத்துப் போட்டாள்.

குமிழிக்கு வெளியே குழாய் பற்றவைக்கப் போயிருந்த கணவன் இசக்கிமுத்து மூன்றாம் நாள் திரும்பினான். முகம் வீங்கி, வாந்தியெடுத்தபடி, அவள் தொட்டியில் கால் வைத்து உட்கார்ந்திருந்தாள்.

"கழிவு கெளம்புதுங்க. அப்படித்தான் இருக்கும்னு கன்னிகா சொன்னா."

அவன் தொட்டியைக் கழுவி, புது நீரும் உப்பும் வினிகரும் ஊற்றி, தகடுகளை மட்டும் வைத்தான். பத்து நிமிடத்தில் அதே பழுப்பு, அதே நுரை.

"பாத்தியா? துரு. கால் இல்லாமலே வருது."

மாதங்கி குனிந்து தொட்டிக்குள் பார்த்தாள்.

"அப்போ இந்தத் தொட்டிக்குள்ளயும் இவ்வளவு கழிவா இருந்துச்சு?"

அவன் அவளுடைய குருதித்துலக்கியை முடுக்கிவிட்டு, அவளைத் தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடினான். அங்கே படுக்கைகள் நிரம்பியிருந்தன. போர்வைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த பாதங்களிலெல்லாம் பழுப்புக் கறை. கன்னிகாவும் அங்கேதான் கிடந்தாள்.

மறுமாதம் சுகாதார அவை குருதித்துலக்கியைப் புதுப்பித்தது. வேலை எல்லாம் பழையபடியேதான். கூடுதலாக, வாரம் ஒருமுறை உள்ளங்கால் வழியாகத் தீங்கில்லாத சாயம் கொஞ்சம் கசியும். அது வெறும் சாயம் என்று அறிவிப்பிலேயே எழுதியிருந்தார்கள். மாதங்கி அதை இரண்டு முறை படித்தாள்.

அதன்பின் நகரத்தில் ஒருவரும் கருவியை அணைக்கவில்லை. வெள்ளிக்கிழமைதோறும் மாதங்கி பாதங்களை வெந்நீரில் வைப்பாள். பழுப்பு பரவும்போது முகத்தைச் சுளித்து, "ச்சீ, எவ்வளவு அழுக்கு" என்பாள். பிறகு உடம்பு லேசாகி எழுந்து நடப்பாள்.