குடைக்குத் திறந்த கதவு

அந்தக் குடையை மூடவே முடியவில்லை.

பித்தானை அழுத்தினால் தானாக விரியும், தானாக மூடிக்கொள்ளும் என்று கடைக்காரர் சொன்னதை நம்பித்தான் அம்மா அதை வாங்கியிருந்தார். விரிவதில் ஒரு குறையும் இல்லை. மூடச் சொன்னால்தான் அதற்குப் பிடிக்காது. பாதி மடங்கும். உடனே 'டப்' என்று மறுபடி விரிந்து நிற்கும்.

"அம்மா, இது மூட மாட்டேங்குது!" என்றாள் சர்மிளா.

"நல்லா அமுக்கும்மா. நான் உள்ள போய் வரிசையில நிக்கிறேன். நீ மடக்கிட்டு வா" என்று சொல்லிவிட்டு அம்மா ஜெயராணி கடைக்குள் போய்விட்டார்.

கண்டி நகரத்தில் புதிதாகத் திறந்திருந்த பெரிய கடை அது. நோன்புப் பெருநாளும் சித்திரைப் புத்தாண்டும் அடுத்தடுத்து வருவதால் உள்ளே ஒரே கூட்டம். வெளியே பங்குனி வெயில் கொளுத்தியது. வீதியோர மரம் இலையே இல்லாமல் இளஞ்சிவப்பாகப் பூத்துக் கிடக்க, அதற்குள் ஒளிந்துகொண்டு ஒரு குயில் விடாமல் கத்தியது.

சர்மிளா குடையோடு மல்லுக்கட்டி ஒருவழியாக மடக்கினாள். பிறகு கண்ணாடிக் கதவின் முன்னால் போய் நின்றாள்.

அது தானாகத் திறக்கும் கதவு. அம்மாவுக்குத் திறந்தது. அம்மாவுக்கு முன்னால் போன யாரோ ஒரு மாமாவுக்கும் திறந்தது. சர்மிளாவுக்கு மட்டும் திறக்கவில்லை.

அவள் கையை ஆட்டிப் பார்த்தாள். பின்னால் போய் வேகமாக நடந்து வந்தாள். குதித்தாள். கதவு அசையவில்லை. கண்ணாடியில் தெரிந்த சர்மிளாதான் அவளோடு சேர்ந்து குதித்தாள்.

வகுப்பில் அவள்தான் எல்லோரையும் விடக் குள்ளம். அதைச் சொல்லிக் கேலி செய்ய வகுப்பில் ஆட்கள் இருந்தார்கள். ஒரு கதவும் அந்தக் கூட்டத்தில் சேர்ந்துகொள்ளும் என்று அவள் நினைக்கவே இல்லை.

"குதிச்சு வேலையில்ல" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

சர்மிளா திரும்பினாள். அவள் வயதுப் பையன் ஒருவன் சக்கர நாற்காலியில் இருந்தான். சரிவுப் பாதையில் சக்கரத்தைத் தானே தள்ளி ஏறி வந்ததிலும் வெயிலில் காத்திருந்ததிலும் அவன் முகமெல்லாம் வேர்த்திருந்தது.

"உனக்கும் தெறக்கலையா?" என்றாள் சர்மிளா.

"நான் வந்து எவ்வளவு நேரம்! ஆள் வந்தாத் தெறக்கிது. நான் கிட்டப் போறதுக்குள்ள மூடிக்கிது."

அவன் பெயர் அஷ்பாக். அக்குறணையிலிருந்து உம்மாவோடு வந்திருந்தான். வீதி ஓரம் நின்ற முச்சக்கர வண்டியைக் காட்டினான்.

"உம்மா அதுக்குள்ள ஈக்கிறாங்க. பெருநாளைக்கு அவங்களுக்கு ஒரு கைப்பை வாங்கணும். அவங்களுக்கே தெரியாம. நான் தனியாப் போய்ட்டு வாறேன்னு சொல்லி, கெஞ்சி, இன்னைக்குத்தான் விட்டாங்க."

"அவங்களக் கூப்பிட்டா கதவு தெறக்குமே?"

"தெறக்கும். ஆனா அதுக்குப் பொறகு என்னைத் தனியா எங்கயும் விட மாட்டாங்க" என்றான் அஷ்பாக். உம்மா இந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பது தெரிந்ததும், ஒன்றும் நடக்காதவன் போலக் கையசைத்தான்.

சர்மிளாவுக்குக் காது சூடாகிவிட்டது. தனக்குத் திறக்காதது ஒரு கோபம் என்றால், இது அதைவிடப் பெரிய கோபம்.

அவள் கதவை நிமிர்ந்து பார்த்தாள். உச்சியில் ஒரு சின்னக் கறுப்புப் பெட்டி. அதில் ஒரு கண்ணாடி மினுங்கியது.

"ஓ, கண்ணை அங்க வச்சிருக்காங்களா?" என்றாள். குடையைத் தலைக்கு மேலே தூக்கிப் பித்தானை அழுத்தினாள். 'டப்'!

கதவு விரியத் திறந்தது.

"போ, போ, போ!" என்று கத்தினாள். அஷ்பாக் சக்கரத்தை ஒரே தள்ளாகத் தள்ளினான். இருவரும் உள்ளே வந்து சேர்ந்தார்கள். குளிர்ந்த காற்று முகத்தில் பட்டது.

அஷ்பாக் சிரித்தான். சர்மிளா சிரிக்கவில்லை.

"ஒரு குடைக்குத் தெறக்குது. நமக்குத் தெறக்க மாட்டேங்குது. இது என்ன நியாயம்?" என்று விரித்த குடையோடு காவலாளியிடம் போனாள்.

காவலாளி பொன்னுத்துரை யாழ்ப்பாணத்துக்காரர். வருபவர்களின் பைகளை வாங்கி வைத்துக்கொண்டு தன் சுழல் கதிரையில் அமர்ந்திருந்தார்.

"மாமா, உங்க கதவு சரியில்ல."

"கதவிலை ஒரு பிழையும் இல்லைப் பிள்ளை. எனக்குத் திறக்குதுதானே? நீங்கள் வடிவாச் சாப்பிட்டு வளர்ந்தால் உங்களுக்கும் திறக்கும்."

"நான் வளருவேன். இவன் வளர்ந்தாலும் கதிரையிலதானே இருப்பான்? இவன் என்ன செய்யிறது?"

பொன்னுத்துரை அஷ்பாக்கைப் பார்த்தார். சிரிப்பு நின்றுவிட்டது. "திறந்துதானே உள்ளுக்கு வந்தவர்?" என்றார் மெதுவாக.

"குடை தெறந்துச்சு, மாமா. நம்பலன்னா நீங்களே பாருங்க. எழும்பாம, இந்தக் கதிரையோடயே வெளிய போங்க."

கதிரைக்கு அடியில் சக்கரங்கள் இருந்தன. அவர் யோசிப்பதற்குள் சர்மிளா குடையைக் கீழே போட்டுவிட்டுத் தள்ளத் தொடங்கிவிட்டாள். கதவுக்குக் கிட்டே போனதும் விட்டுவிட்டு விலகி நின்றாள். பொன்னுத்துரை காலால் உந்தி முன்னுக்குப் போனார். கதவு திறக்கவில்லை. பின்னுக்கு வந்து மறுபடி உந்தினார். தொப்பியைக் கழற்றி ஆட்டினார். கண்ணாடியில் அவர் முழங்கால்தான் இடித்தது.

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். சத்தம் கேட்டுக் கடையின் முகாமையாளர் ஸ்ரீதரன் ஓடி வந்தார்.

"பொன்னுத்துரை! என்ன விளையாட்டு இது?"

"விளையாட்டில்லை ஐயா. நான் இதுக்குத் தெரியேல்லை" என்றார் பொன்னுத்துரை. அவர் முகம் வாடியிருந்தது. "இந்தக் கதிரையிலை இருந்து பார்த்தால்தான் விளங்குது. நீங்களும் ஒருக்கா இருங்கோ."

"நான் எதுக்கு இருக்கணும்?"

"இவரும் எங்கடை வாடிக்கையாளர்தானே, ஐயா? இவ்வளவு நேரமும் வெயிலுக்கை நிண்டிருக்கிறார்."

எல்லோரும் ஸ்ரீதரனைப் பார்த்தார்கள். அவர் கழுத்துப்பட்டியைச் சரிசெய்துகொண்டு கதிரையில் அமர்ந்தார். கதவு அவரையும் மதிக்கவில்லை. எழுந்தபோது அவருக்கும் காது சிவந்திருந்தது.

"கதவு போட்டவங்க எல்லாம் சரின்னுதானே சொன்னாங்க..." என்று முணுமுணுத்தார்.

"அவங்க நின்னுக்கிட்டே பார்த்திருப்பாங்க" என்றாள் சர்மிளா.

ஏணி வந்தது. ஸ்ரீதரனே ஏறி, கதவின் உள்ளேயும் வெளியேயும் இருந்த கறுப்புப் பெட்டிகளைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே பார்க்கத் திருப்பினார். "இப்ப பாருங்க தம்பி!"

அஷ்பாக் போனான். திறக்கவில்லை.

"இன்னும் கொஞ்சம்!" என்று வரிசையில் நின்ற எல்லோரும் கத்தினார்கள். ஜெயராணியின் குரலும் அதில் கேட்டது. பெட்டிகள் இன்னும் கொஞ்சம் குனிந்தன.

கதவு திறந்தது. அஷ்பாக் வெளியே போனான். உள்ளே வந்தான். மறுபடியும் போய் வந்தான். யாரும் அவனைப் போதும் என்று சொல்லவில்லை.

பிறகு அவன் ஆறுதலாக, அவசரமே இல்லாமல் சுற்றிப் பார்த்து, பச்சை நிறக் கைப்பை ஒன்றைத் தானே தெரிந்தெடுத்துக் காசு கொடுத்தான். பொதியை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு கதவை நோக்கிச் சக்கரத்தைத் தள்ளினான். அது அவனுக்காக அகலத் திறந்தது. முச்சக்கர வண்டியிலிருந்து உம்மா இறங்கி ஓடி வருவதற்குள், அவன் சரிவில் பாதி தூரம் இறங்கியிருந்தான்.

"யாரு மகன் கதவத் தெறந்து விட்டது?"

"ஒருத்தரும் இல்ல உம்மா. நான் போனேன், தெறந்திச்சு!"

சர்மிளா அதைக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே நின்றாள். கோபம் எங்கே போனது என்று அவளுக்கே தெரியவில்லை.

அப்போது கதவு மறுபடியும் திறந்தது. யாரையும் காணவில்லை. எல்லோரும் குனிந்து பார்த்தார்கள்.

வீதியில் திரியும் பழுப்பு நிற நாய் ஒன்று நிதானமாக உள்ளே நடந்து வந்தது. குளிர்ந்த தரையை முகர்ந்து பார்த்தது. பொன்னுத்துரையின் கதிரைக்கு அருகே சுருண்டு படுத்துக்கொண்டது.

பொன்னுத்துரை தலையில் கை வைத்தார். "பிள்ளை, இப்ப இவருக்கும் திறக்குது!"

"அவருக்கும் வெளிய வெயில்தானே, மாமா?" என்றாள் சர்மிளா.