டிராகனுக்கு இன்னும் ஒரு கண்

போன் அலறியது!

இன்ஸ்பெக்டரின் கை துள்ளியது. டிராகனின் கண்ணில் விழ வேண்டிய கறுப்புப் புள்ளி அதன் மூக்கில் போய் உட்கார்ந்தது.

"நாசமாப் போக!"

விடுமுறை நாள் காலை. மேஜை மேல் ஒரு கையளவு டிராகன் பொம்மை. கம்பெனி அடித்த சிவப்பை முழுக்கச் சுரண்டிவிட்டு, செதில் செதிலாகத் தன் கையாலேயே நீலம் தீட்டியிருந்தார். எல்லாம் வந்துவிட்டது. கண்தான் வரவில்லை! போட்டால் மாறுகண். அழித்துப் போட்டால் தூங்குமூஞ்சி. இப்போது மூக்கில் மச்சம்.

கடுப்பில் பிரஷ்ஷைக் கழுவ முக்கினார்.

"அது காபிங்க!" என்றாள் மனைவி. "தண்ணி டம்ளர் அந்தப் பக்கம்!"

"தெரியும்."

"தெரிஞ்சேதான் முக்கினீங்களாக்கும்."

இன்ஸ்பெக்டர் பிரஷ் முனையை நாக்கில் வைத்து உருட்டினார்.

"ஐய்யே! பெயின்டை வாயில வைக்காதீங்கன்னு எத்தனை தடவை கத்தறது?"

"நாக்குல வெச்சாதான் முனை ஊசி மாதிரி நிக்கும். பொம்மைக்குப் பெயின்ட் அடிக்கற முக்கால்வாசிப் பேருக்கு இந்தப் பழக்கம் உண்டு. உனக்கென்ன தெரியும்?"

"போன் அடிக்குதுன்னு தெரியும். எடுங்க!"

எடுத்தார். சப்-இன்ஸ்பெக்டர்.

"சார்... பல் டாக்டர் ஒருத்தர் வீட்லயே செத்துக் கிடக்கார். காபியில விஷம். தடயவியல் ஆளுங்க டெஸ்ட் பண்ணிட்டாங்க. காபி கொடுத்தது சம்சாரம். நேத்து ரெண்டு பேருக்கும் பயங்கர சண்டையாம். கேஸ் முடிஞ்ச மாதிரிதான் சார்!"

"அப்புறம் என்னை எதுக்குய்யா கூப்பிட்டே?"

"நீங்க வந்து பார்த்துட்டா, அந்தம்மாவை ஜீப்ல ஏத்திடலாம் சார்."

இன்ஸ்பெக்டர் மூக்கில் மச்சம் வைத்த டிராகனை முறைத்துவிட்டுக் கிளம்பினார்.

டாக்டர் வீட்டு மாடியறை. ஜன்னலோரம் மேஜை. மேஜை மேல் கவிழ்ந்து கிடந்தார் டாக்டர்.

அவர் தலைக்கு முன்னால்...

ஒரு டிராகன்!

இன்ஸ்பெக்டருக்கு ஒரு கணம் பிணமே மறந்துவிட்டது. சிறகு விரித்த பெரிய டிராகன். பச்சையில் பத்து விதப் பச்சை. வலது கண் பளபளத்தது. இடது கண் மட்டும் முழுக்கக் கறுப்பாக, வெறுமையாக இருந்தது.

'மனுஷன் கண்ணு போட்டிருக்கானே!' வயிறு எரிந்தது. செத்தவனைப் பார்த்துப் பொறாமைப்படுகிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது.

அறை வாசற்படியில் டாக்டரின் மனைவி. அழுது வீங்கிய முகம்.

"நான் எதையும் கலக்கலை சார்! சண்டை போட்டது நிஜம். எந்நேரமும் இந்தப் பிசாசையே கட்டிக்கிட்டு உக்காந்திருந்தா எந்தப் பொண்டாட்டிதான் சும்மா இருப்பா? அதுக்காகக் கொல்லுவேனா? ஹாஸ்டல்லேர்ந்து பொண்ணு வந்துட்டிருக்கா. அப்பா இல்லேன்னு மட்டும்தான் அவளுக்குத் தெரியும். அவ வர்ற நேரத்துல என்னை ஜீப்ல ஏத்திடாதீங்க சார்... அவளுக்கு யாருமே இருக்க மாட்டாங்க!"

"சார், ஜீப் ரெடி" என்றார் சப்-இன்ஸ்பெக்டர்.

"நீ கொஞ்சம் வாயை மூடறியா?"

இன்ஸ்பெக்டர் குனிந்தார். காபிக் கோப்பை. பக்கத்திலேயே பிரஷ் கழுவும் தண்ணீர் டம்ளர். கோப்பையின் விளிம்பில் உதடு பட்ட தடமில்லை. விளிம்பு வரை காபி. ஆடை படிந்திருந்தது. ஆடையின் மேல்...

மெல்லிசாக ஒரு பச்சைக் கோடு!

"யோவ்! இந்தக் காபியை யாருமே குடிக்கலையே!"

"சார்?"

"கழுவற அவசரத்துல டம்ளருக்குப் பதிலா காபியில பிரஷ்ஷை விட்டிருக்கார். காலையில நானும் அதைத்தான் பண்ணேன். பிரஷ்லேர்ந்துதான்யா காபிக்கு விஷம் போயிருக்கு! டாக்டரோட நாக்கைப் பாரு."

பார்த்தார்கள். நாக்கு நுனியில் பச்சைப் புள்ளி.

மேஜையில் லேபிள் இல்லாத ஒரு சின்ன பாட்டில். உள்ளே பச்சை.

"இது ஏதும்மா?"

"அவர் சிநேகிதர் நேத்து கொண்டு வந்து கொடுத்தார். அவரே கலந்த பச்சையாம். இவரை மாதிரி அவரும் பொம்மைக்குப் பெயின்ட் அடிக்கறவர்தான். காலையிலேர்ந்து கீழே உக்காந்து அழுதுட்டிருக்கார்."

"தொழில்?"

"நகைக்கு முலாம் பூசற பட்டறை."

சப்-இன்ஸ்பெக்டர் துள்ளினார். "முலாம் பட்டறையில சயனைடுக்கா பஞ்சம்? தூக்கிடலாம் சார்!"

"தூக்கினா என்ன சொல்வான்? 'நான் கொடுத்தப்ப சுத்தமாத்தான் இருந்துச்சு, பொண்டாட்டிதான் அப்புறம் கலந்தா'ன்னுவான். மறுபடியும் இந்தம்மா தலைதான் உருளும்!"

எரிச்சலோடு அறைக்குள் நடந்தார். நின்றார். சப்-இன்ஸ்பெக்டரின் காதில் ஏதோ சொன்னார். சப்-இன்ஸ்பெக்டர் பாட்டிலை எடுத்துக்கொண்டு ஓடினார்.

டாக்டரின் உடலை எடுத்துப் போன பிறகு முலாம்காரரை மாடிக்கு வரச் சொன்னார்கள். மெலிந்த மனிதர். கீழுதட்டின் நடுவில் நீலக்கறை.

மேஜையில் டிராகன். லேபிள் இல்லாத பாட்டில். ஒரு பிரஷ்.

"வாங்க சார். உங்க பெயின்ட் மேல சந்தேகப்பட்டு லேப்ல கொடுத்தோம். சுத்தம்னு சொல்லிட்டாங்க. மன்னிச்சுக்கங்க."

முலாம்காரரின் கண்கள் ஒரு கணம் விரிந்து சுருங்கின. "அப்போ... விஷம் காபியில..."

"அதேதான். போகட்டும். உங்க சிநேகிதர் ஒரு கண்ணைப் பாக்கி வெச்சுட்டுப் போயிட்டார். நீங்க போட்டுக் கொடுங்களேன். அவர் ஆத்மா சாந்தியடையும்."

மறுக்க முடியவில்லை. முலாம்காரர் உட்கார்ந்தார். பிரஷ்ஷைப் பச்சையில் தொட்டார். முனை பிசிறடித்து நின்றது. கை தானாக வாய்க்குப் போனது...

பாதியில் நின்றது!

இறங்கி வந்து, துணியில் முனையைத் துடைத்தது. அப்புறம் ஒரே ஒரு தொடல்.

டிராகன் இன்ஸ்பெக்டரை நேருக்கு நேராகப் பார்த்தது!

'அடப்பாவி! ஒரே தடவையில!' இன்ஸ்பெக்டருக்கு அழுகையே வந்தது. சமாளித்தார்.

"ஏன் சார், உதட்டுல இவ்வளவு கறை இருக்கு. வாழ்க்கை பூரா நாக்குல வெச்சுத்தானே கூராக்கறீங்க? இன்னிக்கு மட்டும் துணி எதுக்கு?"

"அ... அது வந்து..."

"இன்னொரு தடவை தொடுங்க. நாக்குல வெச்சு உருட்டுங்க."

"வேணாம் சார்."

"லேப் சுத்தம்னு சொன்னதை நீங்க ஏன் நம்பலை?"

முலாம்காரரின் நெற்றி வியர்த்து வழிந்தது.

"நாக்குல வைய்யா!"

பிரஷ் சுவரில் போய் அடித்தது.

"மாட்டேன்! அதுல விஷம் இருக்கு! நான்தான் போட்டேன்!"

"எதுக்குய்யா?"

"அது என் டிராகன் சார்!" மனிதர் உடைந்து அழுதார். "ஒவ்வொரு செதிலா நான் வரைஞ்சது. பட்டறை முடிஞ்சு வந்து, தூக்கம் கெட்டு வரைஞ்சது. பாவி, ஆசையா இவனுக்குப் பரிசாக் கொடுத்தேன். இவன் என்ன பண்ணான் தெரியுமா? கண்ணுல உயிரில்லைன்னு சொல்லி, தின்னர்ல ஊறப்போட்டு உரிச்சுட்டான்! நான் பூசினது எல்லாம் பக்கெட்ல கரைஞ்சு கிடந்துச்சு சார். என்னைக் கூப்பிட்டு அதைக் காட்டிட்டு, 'இப்ப நான் போடறேன் பாரு'ன்னான். சிரிச்சான் சார்!"

இன்ஸ்பெக்டருக்கு அந்த வலி புரிந்தது. புரிந்து என்ன செய்ய?

"அதுக்கு அவன் சம்சாரத்தை ஜெயிலுக்கு அனுப்பப் பார்த்தியே. கீழே உக்காந்து அழுதுக்கிட்டே வேடிக்கை பார்த்தியே! இந்த பாட்டில்ல இருக்கறது உன் பச்சை இல்லைய்யா. டாக்டரோட டப்பாவிலேர்ந்து நாங்க ஊத்தின பச்சை. உன்னுது சீல் வெச்சு பத்திரமா இருக்கு. லேப் இன்னும் அதைத் திறக்கவே இல்லை!"

முலாம்காரர் வாய் பிளந்து பார்த்தார்.

இன்ஸ்பெக்டர் வாசற்படி பக்கம் திரும்பினார். "அம்மா, ஜீப்ல ஏற வேண்டிய ஆள் மாறிடுச்சு. நீங்க முகத்தைக் கழுவிட்டு வாசல்ல போய் நில்லுங்க. பொண்ணு வர்ற நேரம்."

அந்தம்மா கையெடுத்துக் கும்பிட்டாள்.

ஜீப் ஓரமாக, விலங்கு மாட்டிய முலாம்காரரிடம் இன்ஸ்பெக்டர் குனிந்தார். அடக்கவே முடியவில்லை.

"யோவ்... அந்தக் கண்ணு எப்படிய்யா ஒரே தடவையில வந்துச்சு? எனக்கு மாறுகண்ணாவே வந்து உயிரை எடுக்குது."

முலாம்காரர் நிமிர்ந்தார். அந்த நிலைமையிலும் முகத்தில் ஒரு வாத்தியார்த்தனம்.

"புள்ளி கடைசியில வைக்கணும் சார். கண்ணு முழுக்கக் கறுப்படிச்சுட்டு உள்ளேர்ந்து வெளிச்சம் கொண்டு வரணும். சொன்னா வராது. ஜெயிலுக்கு உங்க டிராகனைக் கொண்டு வாங்க, போட்டுக் காட்டறேன்."

"கண்டிப்பாக் கொண்டு வர்றேன்" என்றார் இன்ஸ்பெக்டர். "ஆனா பெயின்ட் என்னுது. பிரஷ்ஷை மொதல்ல நாக்குல வைக்கறது நீ!"