மெய்யுணர்வுத் தாள்

முதல் மணி அடித்ததும் ஆங்கில இலக்கிய வகுப்பில் எல்லோரும் காதுக்குப் பின்னால் உணர்மானியை ஒட்டிக்கொண்டார்கள். பொட்டு அளவுக்கு ஒரு வில்லை; அதன் நடுவில் துளி விளக்கு. பேராசிரியர் வேதமுத்து பழைய ஆங்கிலக் கவிதை ஒன்றை வாசிக்க ஆரம்பித்தார். நான்காவது வரியில் முன்வரிசை விசும்பியது. ஆறாவது வரியில் பின்வரிசை. வெள்ளையாக இருந்த விளக்குகள் ஒவ்வொன்றாகப் பச்சைக்கு மாறின. பேராசிரியர் தலையை ஆட்டிக்கொண்டு வருகைப் பதிவை முடித்தார். பிள்ளைகள் கண்ணைத் துடைத்துவிட்டு அடுத்த வகுப்புக்குக் கிளம்பினார்கள்.

கட்டுரை எழுதவும் கணக்குப் போடவும் பாலம் கட்டவும் எந்திரங்கள் வந்துவிட்ட பிறகு மனிதருக்கென்று சில வேலைகள்தான் மிஞ்சியிருந்தன. பிள்ளைகளுக்குப் பாடம் சொல்வது, நோயாளியின் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது, நீதிமன்றத்தில் தீர்ப்பை வாசிப்பது. அவற்றுக்கு ஆள் சேர்க்குமுன், இவர் மனிதர்தானா, மனிதரைப் போல உணர்கிறாரா என்று சான்று கேட்டார்கள். சான்று கொடுக்கும் உரிமை, மாணவர் கிடைக்காமல் பூட்டப்பட இருந்த ஆங்கில இலக்கியம் மற்றும் பண்பாட்டியல் துறைக்கு வந்து சேர்ந்தது. கதை படித்து உருகுவது அங்கேதானே நடக்கிறது. பொறியியல் கல்லூரிகள் கல்யாண மண்டபங்களாயின. இலக்கியத்தில் இடம் கிடைக்க வேண்டுமென்று பெற்றோர்கள் மொட்டை போட்டுக்கொண்டார்கள். ஏன் தமிழ்க் கவிதைக்கு அழக்கூடாது என்று யாரோ கேட்டதாகவும், ஆங்கிலத்தில் அழுதால்தான் வெளிநாட்டில் செல்லும் என்று பதில் வந்ததாகவும் சொல்வார்கள்.

செண்பகா வேலைக் கணக்குப் போட்டுச் சேர்ந்தவள் இல்லை. கோவில்பட்டிப் பெண். அப்பா அய்யாத்துரை, கடலைமிட்டாய் ஆலையில் எந்திரக் கைகளுக்கு எண்ணெய் போடுகிறவர். அம்மா சுப்புத்தாய் வீட்டைப் பார்த்துக்கொண்டாள். செண்பகாவுக்குப் படிக்கப் பிடிக்கும், அவ்வளவுதான். பெயர் தெரியாத ஊரில், என்றோ செத்துப்போன ஒருத்தி எதற்காகவோ கோபித்துக்கொண்டாள் என்று வாசிக்கும்போது, அந்தக் கோபம் தன் வீட்டு அடுப்படியிலும் இருப்பது அவளுக்குத் தெரியும். பண்பாட்டியல் வகுப்பில் மற்றவர்கள் குறிப்பெடுத்துக்கொண்டிருக்கும்போது அவள் சன்னல் வழியே பார்த்துக்கொண்டிருப்பாள். அவளுடைய விளக்கு சில நாள் பச்சையாகும், சில நாள் ஆகாது. தேர்ச்சிக்கு அது போதுமாக இருந்தது.

இறுதியாண்டில், தேர்வுக்குச் சில வாரங்களுக்கு முன்னால் அம்மா இறந்துபோனாள். விடிந்ததும் எழுந்தவள், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அடுப்படியிலேயே உட்கார்ந்தாள். பிறகு எழவில்லை. ஊருக்குப் போன செண்பகா அழவில்லை. வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தாள், நாற்காலி எடுத்துப் போட்டாள். சொந்தக்காரர்கள் அவளைப் பார்த்துவிட்டுத் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். அய்யாத்துரை துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தார். துக்கத்துக்கு வேதமுத்துவும் வந்திருந்தார். இருந்து சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்.

மெய்யுணர்வுத் தாள்தான் கடைசித் தேர்வு. முன்பின் பாராத ஒரு கவிதையைக் கொடுப்பார்கள். அதை வாசித்து, சொந்த வாழ்க்கையிலிருந்து ஒன்றைத் தொட்டு எழுத வேண்டும். எழுதும் நேரம் முழுதும் மானி ஒட்டியிருக்கும். அந்த வருடக் கவிதையில் ஒருவன் ஆளில்லாத தன் வீட்டுக்குத் திரும்பிவந்து, சொட்டிக்கொண்டிருக்கும் குழாயை இறுக்கி மூடுகிறான். அவ்வளவுதான் கவிதை.

செண்பகா நிதானமாக எழுதினாள். அம்மா முந்தின நாள் சாயங்காலம் ஆட்டிவைத்த மாவு, அவளைக் கூடத்தில் கிடத்தியிருந்தபோது பொங்கி வழிந்ததை எழுதினாள். வந்தவர்களுக்கு ஏதாவது கொடுக்க வேண்டுமே என்று யாரோ சொன்னார்கள். அவள் மாவைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள். உப்புப் போதவில்லை. போட்டுக் கலக்கி இட்லி ஊற்றினாள். எல்லோரும் சாப்பிட்டார்கள், அவளும் சாப்பிட்டாள். அம்மாவின் கை வைத்த மாவு அத்தோடு தீர்ந்தது. இதை எழுதும்போது அவள் மூச்சு மாறவில்லை. விளக்கு கடைசிவரை வெள்ளையாகவே இருந்தது.

முடிவு ஒரு வரியில் வந்தது: மனிதர் எழுதியதாகத் தெரியவில்லை.

விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். மூவர் குழுவுக்கு வேதமுத்துதான் தலைவர். மற்ற இருவரும், இந்த விடை எந்த எந்திரத்திடமிருந்து வந்தது, யார் மூலம் உள்ளே வந்தது என்று மாற்றி மாற்றிக் கேட்டார்கள். நடந்ததைத்தான் எழுதினேன் என்று அவள் திரும்பத் திரும்பச் சொன்னாள். அவர்கள் வெளியே போனதும் வேதமுத்து கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"அந்த இட்லியை நானும் சாப்பிட்டேம்மா. நீ எழுதினது அத்தனையும் உண்மைன்னு எனக்குத் தெரியும்."

"அப்ப அதைச் சொல்லுங்களேன் சார்."

"நான் சொல்லி என்ன ஆகப்போகுது? மானி பச்சை காட்டலையே." கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு, மறுதேர்வு இருக்கிறது, நல்ல பயிற்சி மையமாகப் பார்த்துச் சேர்ந்துகொள் என்றார். அவர் குரலில் அக்கறை இருந்தது. அதுதான் செண்பகாவுக்குத் தாங்க முடியவில்லை.

அறைத்தோழி பிரிசில்லா முதல் வகுப்பில் தேறியிருந்தாள். அவள் சொல்லித்தான் தனுஷ்கோடி என்பவர் நடத்திய 'உள்ளம்' பயிற்சி மையத்தில் செண்பகா சேர்ந்தாள். வாசல் முழுதும் சென்ற வருடத்து வெற்றியாளர்கள் அழுதுகொண்டிருக்கும் பெரிய பெரிய படங்கள். உள்ளே பாடம் நடத்தியது ஓர் எந்திரம். பெயர் மென்மொழி. தேறிய விடைகள் அத்தனையையும் படித்து, எந்தச் சொல்லில் எந்தத் தேர்வாளர் கலங்கினார் என்பதை அறிந்துவைத்திருந்தது. மனிதரென்று சான்று வாங்க மனிதருக்குக் கற்றுக்கொடுப்பதில் அந்த வட்டாரத்தில் அதை மிஞ்ச ஆளில்லை.

முதல் நாள் செண்பகா தன் விடையை அதனிடம் வாசித்துக் காட்டினாள். மென்மொழி பொறுமையாகக் கேட்டது.

"மாவை விட்டுவிடுங்கள்" என்றது. "தாய் இறந்துகிடக்கும்போது எந்த மகளும் உப்புப் பார்க்க மாட்டாள். நம்பும்படி இல்லை."

"நான் பார்த்தேனே."

"இருக்கலாம். மதிப்பெண் கிடைக்காது."

நாய்ப் பாடம் என்று ஒன்று இருந்தது. பழுப்பு நிற நாய், பெயர் டாமி. தெருவில் பொதிவண்டி மோதி, மடியில் உயிரை விடுகிறது. பிரிசில்லா எழுதியது அதைத்தான். நாய் வளர்த்தவர்களும் வளர்க்காதவர்களும் எழுதினார்கள். செண்பகா வீட்டில் நாய் இருந்ததே இல்லை. ஆனாலும் உட்கார்ந்து மனப்பாடம் செய்தாள். எந்த வாக்கியத்தில் மூச்சைப் பிடிக்க வேண்டும், எங்கே ஒரு சொல்லை அடித்துத் திருத்த வேண்டும், கழுத்துத் தசையை எப்படி இறுக்கினால் கண்ணில் நீர் கோக்கும், எல்லாம் பழகினாள். முதலில் கூச்சமாக இருந்தது. பிறகு வந்துவிட்டது. ஒரு நாள் விடுதிச் சாப்பாட்டு அறையில் உட்கார்ந்து, வேலை கிடைக்காவிட்டால் அப்பாவை யார் பார்ப்பது என்று யோசித்தபோது, தன்னை அறியாமல் கழுத்தை இறுக்கிக்கொண்டிருப்பதை உணர்ந்தாள். தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்தாள்.

மறுதேர்வில் கவிதை எதைப் பற்றியது என்று அவள் சரியாகப் பார்க்கவில்லை. டாமி செத்தான். விளக்கு பளிச்சென்று பச்சையானது; எழுதி முடிக்கும்வரை அணையவில்லை. முடிவு வந்தபோது மாநிலத்திலேயே முதலிடம். 'ஈரம் காயாத எழுத்து' என்று குழு குறிப்பு எழுதியிருந்தது. கீழே வேதமுத்துவின் கையெழுத்து.

மையத்தில் பாராட்டு விழா வைத்தார்கள். கோவில்பட்டியிலிருந்து அய்யாத்துரை சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். படம் எடுப்பதற்காகத் தனுஷ்கோடி செண்பகாவை வெளிச்சத்தில் நிறுத்தி, மானியை ஒட்டி, கொஞ்சம் அழச் சொன்னார். அவள் கழுத்தை இறுக்கினாள். கண்ணீர் கன்னத்தில் இறங்கியது; விளக்கு பச்சையானது. கூடியிருந்தவர்கள் கைதட்டினார்கள்.

அய்யாத்துரைக்கு விளக்கும் தெரியவில்லை, கைதட்டலும் கேட்கவில்லை. மகள் அழுகிறாள் என்பது மட்டும் தெரிந்தது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து அவள் தலையில் கை வைத்தார்.

"அழு தாயி" என்றார். "இத்தன நாளு உள்ளயே வச்சிருந்தியே. உங்கம்மா போனதுலேருந்து எனக்கு அதே கவலைதான். நல்லா அழுதுரு."

அவருடைய உள்ளங்கையில் எந்திர எண்ணெய் வாசம் இருந்தது. அவருக்கும் கண்ணீர் வந்துகொண்டிருந்தது. சத்தமில்லை, முகம்கூட மாறவில்லை. குழாய் கசிவது போல அதுபாட்டுக்கு வழிந்து சட்டைக் காலரை நனைத்தது.

தனுஷ்கோடிக்கு அந்தக் காட்சி பிடித்துவிட்டது. அப்பாவும் மகளும் சேர்ந்தே இருக்கட்டும், பதாகை எடுப்பாக இருக்கும் என்றார். அய்யாத்துரையின் காதுக்குப் பின்னாலும் ஒரு மானியை ஒட்டினார்கள். விளக்கு வெள்ளையாகவே நின்றது. தனுஷ்கோடி அதைத் தட்டிப் பார்த்தார். வேறொன்றை எடுத்து ஒட்டினார். அதுவும் வெள்ளை. பெரியவரின் கண்ணீர் மட்டும் நிற்கவில்லை.

"பயப்படாதீங்க ஐயா, முதல் தடவை நிறையப் பேருக்கு இப்படித்தான்" என்றார் தனுஷ்கோடி. "பெத்தவங்களுக்குன்னே ஞாயித்துக்கிழமை வகுப்பு வச்சிருக்கோம். இப்போதைக்குப் பாப்பாவே சொல்லிக்கொடுக்கட்டும்."

எல்லோரும் காத்திருந்தார்கள். தன்னால் மகளுடைய படம் கெட்டுப்போகிறதே என்று அய்யாத்துரைக்கு வெட்கமாகப் போயிற்று. துண்டால் முகத்தை அவசரமாகத் துடைத்துக்கொண்டு, நேராக நின்று, அவள் பக்கம் குனிந்தார்.

"எந்த எடத்துல அழணும்னு சொல்லு தாயி. அழுதுருதேன்."

படம் பிடிப்பவர் கையைத் தூக்கினார். செண்பகா அப்பாவின் காதோரத்து வெள்ளை விளக்கைப் பார்த்தாள், அவர் முகத்தைப் பார்த்தாள்.

"இப்பப்பா" என்றாள்.