நகல் தேவையில்லை

அக்கா வீட்டுக்கு நான் வந்தது ஒரு வாரம் இருந்துவிட்டுப் போகத்தான். மூன்று மாதமாகியும் கிளம்பவில்லை. வேலை வெட்டி இல்லாத தம்பிக்கு அவள் ஹாலின் மூலையில் ஒரு மேசையும் மூன்று வேளைச் சாப்பாடும் கொடுத்திருந்தாள். நானோ அந்த மேசையில் உட்கார்ந்து கம்ப்யூட்டர் கேமைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

விளையாடுவதோடு நிறுத்தியிருக்கலாம். கேமுக்கு ரசிகர்களே செய்து சேர்க்கும் கூடுதல் பகுதிகளை, 'மாட்' என்பார்கள், பிரித்து மேய்வதில் எனக்குப் பைத்தியம். அன்று மதியம் நான் இறக்கியது, யாரோ பாதியில் கைவிட்ட ஒன்று. பாழடைந்த மருத்துவமனையில் ஒரு சிறுமி நம் பின்னாலேயே வருவாள். அவளுக்கு முகம் இல்லை. அந்த இடத்தில் பளீரென்று ஒரு ரோஸ் நிறக் கட்டம். திரையின் மூலையில் அவளைக் குறிக்கும் சின்னப் படமான ஐகானும் அப்படியே. படம் கிடைக்காவிட்டால் கேம் அந்த நிறத்தைத்தான் அப்பி வைக்கும்.

லாக் ஃபைலைத் திறந்தேன். கேம் எதை, எந்த ஃபோல்டரில் தேடியது என்று அதில் வரி வரியாக இருக்கும். செய்த ஆள் தன் சொந்தக் கம்ப்யூட்டரின் ஃபோல்டர் பாதையையே கொடுத்துவிட்டுப் போயிருந்தார். கற்றுக்குட்டிகள் செய்கிற தப்பு. பாதையைத் திருத்தினேன். முகப் படத்தையே அவர் சேர்க்கவில்லை என்பது அப்புறம்தான் தெரிந்தது.

இந்த மாதிரி நேரத்தில், கைக்குக் கிடைத்த ஏதாவது ஒரு படத்தை வைத்துச் சோதித்துப் பார்ப்போம். கைக்குக் கிடைத்தது அக்கா மகளின் பள்ளி அடையாள அட்டைப் படம். இரட்டைச் சடை, உம்மென்ற முகம். வாலு என்றுதான் அவளைக் கூப்பிடுவோம். படத்தின் பெயரை மாற்றி ஃபோல்டரில் போட்டேன்.

கேமுக்குள் அந்தச் சிறுமி வாலுவின் முகத்தோடு வந்துவிட்டாள்.

அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

"எம் பொண்ணு மூஞ்சிய எதுக்குடா அந்தப் பேய்க்குப் போட்ட? முதல்ல எடு."

படத்தை அழித்துவிட்டு கேமை மூடித் திறந்தேன். பழையபடி ரோஸ் கட்டம் வர வேண்டும். வாலுவின் முகம்தான் இருந்தது.

லாக்கில் புதிதாக ஒரு வரி.

'படம் இல்லை. மூலம் தேடப்படுகிறது.'

அதன் கீழே பாதை: பள்ளி, இரண்டாம் மாடி, மூன்றாம் வகுப்பு, ஜன்னலோர பெஞ்சு. அவள் உட்காரும் இடம். மணி மூன்றே கால்.

கேமை மூடினேன். லாக் வளர்ந்துகொண்டே இருந்தது. பள்ளி வாசல். வேன், பின் சீட்டு.

அழித்த படத்தை மீட்டு அதே இடத்தில் வைத்தேன். இதை எடுத்துக்கொள், அவளை விட்டுவிடு என்று வாய்விட்டே கெஞ்சினேன்.

'நகல் தேவையில்லை.'

பவர் பட்டனை அழுத்திப் பிடித்தேன். உள்ளே ஓடிய விசிறியின் சத்தம் நின்றது. திரை மட்டும் அணையவில்லை.

வேன் டிரைவருக்கு போன் போட்டேன்.

"அண்ணே, வாலுவ வண்டியிலயே வெச்சிருங்க. நான் வரேன்."

"பாப்பாவ இப்பத்தானே தம்பி இறக்கிவிட்டேன். மேல வந்துகிட்டிருப்பா."

படிக்கட்டு, முதல் வளைவு.

ஷூ சத்தம் கேட்டது. ஒவ்வொரு படியாகத் தாவித் தாவி ஏறுவது அவள் வழக்கம். ஒவ்வொரு தாவலுக்கும் ஒரு வரி.

படிக்கட்டு, இரண்டாம் வளைவு.

காலிங் பெல் அடித்தது.

"அக்கா, திறக்காத!"

"லூசாடா நீ? புள்ள வெளிய நிக்குது."

திறந்தாலும் திறக்காவிட்டாலும் அவள் அங்கேதான் நிற்கிறாள். அக்கா தாழ்ப்பாளை விலக்கினாள்.

'கிடைத்தது.'

கதவு திறந்ததும் நாலு மணி வெயில் ஹால் முழுக்க வந்து விழுந்தது. வாலு வாசலிலேயே நின்றாள். ஒரு கையால் சுவரைத் தடவினாள்.

"அம்மா, ஏம்மா இவ்வளவு இருட்டா இருக்கு? லைட்டப் போடு."

அவள் முகத்தைப் பார்த்த அக்கா ஓரடி பின்வாங்கினாள். நான் திரையைப் பார்த்தேன்.

ஐகானில் இருந்த கண்கள் இமைத்தன. அவை என்னைப் பார்க்கவில்லை. என் தோளுக்கு மேலாக, கதவருகே நின்ற அம்மாவைத் தேடின.