உள்ளேன் ஐயா

தாடிக்கொம்பு சௌந்தரராஜப் பெருமாள் மீது சத்தியம். அவர் ஒருவர் போதாது என்பவர்களுக்காகத் திண்டுக்கல் சூசையப்பர் மீதும் சத்தியம். இனி வருவதில் ஒரு காலோ கொம்போ கூட்டி எழுதியதில்லை. இருந்தால், சாகும்வரை எனக்கு வெற்றிலை உறைக்காமல் போகட்டும்.

சித்திரை ஒன்று. ஊரே பாயசத்தில் இருக்கும் அந்தக் காலையில்தான் தீயணைப்பு நிலையத்துக்காரர்கள் சட்டையில் கறுப்புத்துணி குத்திக்கொண்டு, பணியில் உயிர்விட்டவர்களுக்காக வரிசையில் நிற்பார்கள். கொடிக்கம்பத்தடியில் ஒரு கருங்கல். அதில் இரண்டு பெயர்கள். ஒன்று சூசைமுத்து. கிணற்றில் விழுந்தவனைத் தூக்க இறங்கி, விஷவாயுவில் போனவர். இப்போது இருக்கிறவர்கள் யாரும் அவரைப் பார்த்ததில்லை. இன்னொன்று ராபின். வரிசையில் நிற்கிற மணிமாறனின் உயிர்ச் சிநேகிதன்.

அந்த நிலையத்துக்கென்று ஒரு வழக்கம் உண்டு. காலையில் ஆள் எண்ணுவது போலவே, நிலைய அலுவலர் இறந்தவரின் பெயரைக் கூப்பிடுவார். உயிரோடு இருக்கிற ஒருவர் அவருக்காக "உள்ளேன் ஐயா" என்று குரல் கொடுப்பார். ராபினுக்குக் குரல் கொடுப்பது மணிமாறன்.

அலுவலர் ராயப்பராஜ் தொண்டையைச் செருமிக்கொண்டு, "ராபின்!" என்றார்.

மணிமாறன் வாயைத் திறந்தான். திறந்தான், அவ்வளவுதான். அதற்குள் "உள்ளேன் ஐயா" வந்துவிட்டது.

லேசாக மூக்கால் வருகிற குரல். 'ஐயா'வைக் கொஞ்சம் இழுக்கிற குரல்.

யாரும் திரும்பவில்லை. அவர்களுக்கு அது மணிமாறன் சொன்னதுதான். கல்லுக்குப் போட்டிருந்த நிலக்கோட்டை மல்லிகை மாலையின் மணத்துக்கு அடியிலிருந்து, கருகித் தண்ணீரில் நனைந்த பஞ்சின் புளித்த நாற்றம் மெல்லக் கிளம்பி வந்து அவன் மூக்கருகே நின்றது.

கூட்டம் கலைந்ததும் ராபினின் மனைவி கிளாரா வந்தாள். "இந்த வருசம் அப்படியே அவுக குரலு மாதிரியே இருந்துச்சுண்ணே. எனக்கு உடம்பு சிலுத்துப்போச்சு."

"ஜலதோசம்மா."

"எம்புட்டு யோசிச்சும் எனக்குப் பிடிபடலண்ணே. எல்லாரோடயும் வெளிய வந்த மனுசன், சொல்லாமக் கொள்ளாம எதுக்குத் திரும்ப உள்ள போனாரு? என்னையும் பிள்ளையையும் ஒரு நிமிசம் நெனைக்கலயே. நம்ப வச்சு ஏமாத்திட்டாருண்ணே."

வருடா வருடம் கேட்பாள். வருடா வருடம் மணிமாறன் தன் பூட்ஸைப் பார்ப்பான்.

ராபின் திரும்ப உள்ளே போகவில்லை. அவன் வெளியே வரவே இல்லை. அது மணிமாறன் ஒருவனுக்குத்தான் தெரியும்.

ராபினுக்கு வீடு கொடைரோடு. ரயிலில்தான் வருவான். ரயில் பிந்தும். மணிமாறனுக்கோ நிலையத்துக்கு எதிர்ச்சந்தில் வீடு. பல் துலக்கிக்கொண்டே வந்து வரிசையில் நின்றுவிடலாம். "ஏலே மணி, நான் வர்ற வரைக்கும் எனக்கும் சேர்த்து நீ குரல் குடுத்துருப்பா. உனக்கு ஒரு நாள் முறை வரும்ல, அன்னைக்கு நான் குடுக்குறேன்" என்பான் ராபின். மணிமாறனும் மூக்கால் பேசி, 'ஐயா'வை இழுத்துக் குரல் கொடுப்பான். மணிமாறன் ஒரு நாளும் பிந்தவில்லை. அவன் முறை வரவே இல்லை.

சில வருடங்களுக்கு முன் வேடசந்தூர் சாலையில் ஒரு நூல் மில்லின் பஞ்சு குடோன் பற்றியது. கூரை முறுக்குகிறது என்று எல்லோரையும் வெளியே இழுத்து, புகைக்குள்ளேயே நிற்க வைத்துப் பெயர் கூப்பிட்டார் ராயப்பராஜ். "ராபின்!" பதில் இல்லை. கண் எரிந்து, காது அடைத்து நின்ற மணிமாறனின் வாய், காலைநேரப் பழக்கத்தில், தானாகவே மூக்கால் சொன்னது: உள்ளேன் ஐயா. கணக்கு சரி. ஒருவரும் தேடிப் போகவில்லை. கொஞ்ச நேரத்தில் கூரை இறங்கியது.

பெயர் கூப்பிட்ட பிறகு உத்தரவில்லாமல் மறுபடி உள்ளே போயிருக்கிறார் என்று விசாரணையில் முடிவு செய்தார்கள். மணிமாறன் அதற்கும் தலையை ஆட்டினான்.

ஆனால் இன்றைக்குக் குரல் கேட்டுவிட்டது. சாயங்காலம் கிளாரா வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று மணிமாறன் தீர்மானித்தான். தீர்மானித்தபடி சாயங்காலம் கிளம்ப, காக்கிச்சட்டையின் கறுப்புத்துணியைக் கழற்றப் போகும்போதுதான் தீ மணி அடித்தது.

அதே மில். அதே குடோன். கூரை மட்டும் புதுசு.

"பஞ்சுத் தீ அணையாது அப்பு," என்றார் வண்டியோட்டி மூக்கையா, ஸ்டியரிங்கை ஒடித்துக்கொண்டே. "தூங்கும். நாம டீ குடிக்கப் போனதும் முழிச்சுக்கிரும்."

"வாயக் கழுவுங்கண்ணே," என்றான் இளையவன் ரொனால்டு.

"கழுவத்தான்லே தண்ணி கொண்டு போறோம்."

வண்டி மில் வாசலில் நின்றது.

ரொனால்டும் அவனும் ஹோஸை இழுத்துக்கொண்டு உள்ளே போனார்கள். வெளியே சாயங்கால வெயில் இன்னும் மஞ்சளாகக் கிடக்க, உள்ளே பொதி பொதியாகக் கூரைவரை அடுக்கிய பஞ்சுக்கு நடுவே வெளிச்சம் அரைத்த மஞ்சளாகி, பிறகு துருவாகி, பிறகு ஒன்றுமில்லாமலாகி, பொதிகளின் வயிற்றுக்குள் எங்கேயோ தீ மெல்லுகிற சத்தம் மட்டும், பல் இல்லாதவர் பொரி தின்பதுபோல, நிதானமாகக் கேட்டுக்கொண்டிருந்தது. தண்ணீர் பட்ட இடத்தில் புஸ்ஸென்று ஆவி கிளம்பி முகத்தில் அப்பியது. அதே புளித்த நாற்றம். ரொனால்டு இருமல் தாங்காமல், "செத்த நேரம் வெளிய நின்னுட்டு வாரேண்ணே" என்று போய்விட்டான்.

விசில் ஊதியது. நீளமாக. எல்லோரும் வெளியே வா.

மணிமாறன் தண்ணீரை நிறுத்தி, ஹோஸின் பித்தளை முனையைத் தரையில் வைத்தான். புகையில் வழி தெரியாவிட்டால் ஹோஸைப் பிடித்துக்கொண்டே போக வேண்டும்; அது வண்டியில்தான் போய் முடியும். முதல் நாள் பயிற்சியிலேயே சொல்லித் தருவது. அவன் குனிந்து, கைமாற்றிக் கைமாற்றி அதன் துணியுறையைத் தடவிக்கொண்டே போனான். ஈரத்துணி. இணைப்பு. ஈரத்துணி. ஒரு திருப்பம். இவ்வளவு தூரமா வந்தோம் என்று ஒரு யோசனை. மறுபடி ஈரத்துணி. எதிர்ப்பக்கத்திலிருந்து யாரோ மெதுவாக ஹோஸை இழுத்தார்கள். ரொனால்டு. நல்ல பையன்.

கை எதிலோ முட்டியது.

பித்தளை. ஹோஸின் முனை.

அவன் கீழே வைத்துவிட்டு வந்த அதே முனை.

தொட்டுப் பார்த்தான். கைப்பிடியில் வெதுவெதுப்பு. தீயின் சூடில்லை. இதுவரை யாரோ பிடித்துக்கொண்டிருந்த சூடு.

"ராபின்?" என்றான். சத்தம் வரவில்லை. தொண்டையில் பஞ்சு.

பக்கத்துச் சுவரில் காற்றுப் போக வைத்த ஓட்டை. உள்ளங்கை அகலம். அதன் வழியே வெளியே தெரிந்தது. வண்டி. சுழலும் சிவப்பு விளக்கு. வரிசையாக ஆட்கள். முதுகுகள். எதிரே ராயப்பராஜ்.

"மூக்கையா!"

"உள்ளேன் ஐயா."

"ரொனால்டு!"

"உள்ளேன் ஐயா."

மேலே கூரைத்தகடு முனகியது. பரவாயில்லை. என் பெயர் வரும். பதில் வராது. தேடி வருவார்கள்.

"மணிமாறன்!"

அவன் வாயைத் திறந்தான். திறந்தான், அவ்வளவுதான்.

"உள்ளேன் ஐயா."

வரிசையின் கடைசியிலிருந்து. மணிமாறனின் குரல். அவன் குரலேதான். 'ஐயா'வை மட்டும் கொஞ்சம் இழுத்து.

"கணக்கு சரி," என்றார் ராயப்பராஜ்.

சுவரைக் குத்தினான். பஞ்சுப்பொதியைக் குத்துவதுபோலச் சத்தமே இல்லை. உள்ளே. உள்ளே இருக்கேன். உள்ளேன்.

ரொனால்டு கடைசி ஆளின் தோளில் கை போட்டான். மூக்கையா ஏதோ சொன்னார். சிரித்தார்கள். யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. இத்தனை வருடம் ஒரே தட்டில் தின்றவர்கள்.

கடைசி ஆள் மட்டும் திரும்பினான். தலையில் மணிமாறனின் ஹெல்மெட். சட்டையில் மணிமாறன் கழற்றாமல் விட்ட கறுப்புத்துணி. கைவிரல்களிலிருந்து கறுப்பாகத் தண்ணீர் சொட்டியது. ஓட்டையை நேராகப் பார்த்து, நண்பன் நண்பனைப் பார்ப்பதுபோல, ஒரு தரம் தலையை அசைத்தான். முகம் இருக்க வேண்டிய இடத்தில், நனைந்த பஞ்சு மெதுவாகப் புகைந்துகொண்டிருந்தது.

மணிமாறன் அன்றைக்கு எல்லோரோடும் வண்டியேறித் திரும்பிவிட்டான். இன்றைக்கும் ஒரு குறையும் இல்லாமல் வேலைக்கு வந்துகொண்டிருக்கிறான், தினமும் கொடைரோட்டிலிருந்து, ரயிலில்.