உப்புக் கரித்த காபி

“தூ...!”

வாயில் வைத்த காபியைக் கைக்குட்டையில் துப்பினான் அவன். கவுன்ட்டருக்குப் பின்னால் நின்ற ஓந்தினாவின் முகம் சிவந்தது.

“என்ன பழக்கம் இது?”

“மன்னிச்சுக்குங்க... இது காபியா, கடல் தண்ணியா?”

வெளியே திரியெஸ்தே நகரத் துறைமுகத்தின் மேல் போரா என்னும் வாடைக்காற்று மழையைச் சாய்த்துச் சாய்த்து அடித்தது. குடை பிய்ந்து, நெற்றியில் நீர் சொட்ட உள்ளே வந்தவன். மழை நேரத்துக் கடலைப் போலச் சாம்பல் நிறக் கண்கள்... அவை பட்ட நொடியில் அவளுக்குள் ஏதோ நழுவியது உண்மைதான். அதற்கும் சேர்த்துக் கோபம் வந்தது.

“வேற யாரும் குறை சொல்லலையே!”

“வேற யார் இருக்காங்க?” என்றார் மூலையில் வைன் குடித்துக்கொண்டிருந்த கிழவர் தூலியோ. “இரும்மா... இவன் எதிர்க் காபிக்கடை ப்ரூனோவோட தங்கச்சி மகன் லிவியோ. போன வாரம்தான் மாமா கடையில வேலை பார்க்க ஊருக்கு வந்தான்.”

அவ்வளவுதான்.

“ஓஹோ! என் வாடிக்கைக்காரங்களையெல்லாம் இழுத்துக்கிட்டது போதாதுன்னு வேவு பார்க்க அனுப்பினாரா உங்க மாமா?”

“தண்ணி வடிகட்டிக்கு உப்பு போட்டிருக்கீங்க போல, அப்புறம் அலசினீங்களா?”

“எனக்கே பாடம் நடத்துறியா? பத்து வயசுலேர்ந்து இந்த மெஷினோட மல்லுக்கட்டுறேன்!”

சும்மா சொல்லவில்லை. இந்த ஊர்த் தண்ணீர் சுண்ணாம்புப் பாறைக்குள் ஊறி வருவது. குளிர்ந்திருக்கும்வரை சாது. சூடேறினால் கொதிகலனுக்குள் கல்லாகப் படிந்துவிடும். கல் சட்டை போட்ட சூடேற்றும் கம்பிச் சுருளால் தண்ணீரை எளிதில் சூடாக்க முடியாது, குழாயும் அடைத்துக்கொள்ளும். அதைத் தடுக்கத்தான் கவுன்ட்டருக்கு அடியில் அந்த எஃகு உருளை. உள்ளே கடுகு போன்ற பிசின் மணிகள், வரும் சுண்ணாம்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மணிகள் நிறைந்துவிட்டால் கல்லுப்பைக் கொட்டித் தண்ணீர் விட வேண்டும். உப்பு உள்ளே இடம்பிடித்துச் சுண்ணாம்பை வெளியே தள்ளிவிடும். பிறகு கரிப்பு போகும்வரை அலச வேண்டும்... பொறுமையாக.

காலையில் அலசிக்கொண்டிருந்தபோதுதான் அண்ணன் போன் செய்தான். “குளிர்காலத்துக்குள்ள கடை நிமிரலைன்னா வித்துடலாம், ஓந்தினா.” ஆத்திரத்தில் அவனைத் திட்டிக்கொண்டே கழிவுக் குழாயைப் பாதியில் மூடி, மெஷினைப் போட்டுவிட்டாள்.

இப்போது உறைத்தது. அதை இவன் முன்னால் ஒப்புக்கொள்வதா?

“நான் வேணா பார்க்கட்டுமா...”

“கவுன்ட்டருக்கு உள்ள கால வெச்சே, தெரியும் சேதி!”

அவளே குனிந்து குழாயைத் திறந்தாள். தண்ணீர் வாளியில் சலசலத்தது. ஒரு கரண்டி பிடித்து ருசி பார்த்தாள். கரித்தது. மறுபடி... அப்போதும் கரித்தது. கவுன்ட்டரின் மேலாகக் கை நீட்டி அந்தக் கரண்டியையே வாங்கி அவனும் ஒரு வாய் குடித்தான்.

“இன்னும் கொஞ்சம் போகட்டும்,” என்றான்.

“உன்னைக் கேட்டேனா?”

“கேட்கலை. ஆனா ஒண்ணு சொல்லணும்...” அவன் குரல் தாழ்ந்தது. “மாமா அனுப்பினது நிஜம். இந்தக் கடை எப்போ மூடும்னு பார்த்துட்டு வரச் சொன்னார்.”

அவன் கையிலிருந்த கரண்டியை அவள் தட்டிவிட்டாள், அது தரையில் விழுந்தது. மெய்யாகவே அடிக்கக் கை ஓங்கினாள் ஓந்தினா. அவன் நகரவில்லை.

“போய்ச் சொல்லு! இந்த வருஷத்தோட சரின்னு சொல்லு! சந்தோஷப்படட்டும்!”

“மூடாதுன்னு சொல்லப் போறேன்.”

“என்ன...?”

“இப்படிக் கோபப்படுறவ கடையை மூட மாட்டா. அப்புறம் மாமா என்னை வேலையில வெச்சிருக்க மாட்டார், பரவாயில்ல...” அவன் காதுமடல்கள் சிவந்தன. “நாளையிலேர்ந்து எனக்குக் காபி இங்கதான். அது எப்படி இருந்தாலும்... நீ போட்டதா இருந்தா போதும்.”

தூலியோ ஜன்னல் பக்கம் திரும்பி, மழையில் ஏதோ பார்ப்பதுபோல் உட்கார்ந்துகொண்டார்.

ஓங்கிய கையை எங்கே வைப்பது என்று ஓந்தினாவுக்குத் தெரியவில்லை. இவனை வெளியே தள்ள வேண்டும்... இல்லை, வெளியே மழை. சே, மழை நின்றாலும் தள்ள முடியாது போலிருக்கிறதே!

“இதோ பாரு...” பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். “காலையில கடை திறக்கும்போது நீ வாசல்ல இல்லைன்னா, உன் மாமா கடைக்கே வந்து, அத்தனை பேர் முன்னாடி உன்னைச் சட்டையைப் பிடிச்சு இழுத்துட்டு வருவேன். புரியுதா?”

“புரியுது...” என்றான் லிவியோ.

ஓங்கிய அவள் கை இன்னும் இறங்கவில்லை. அதை அவன் பிடித்துக்கொண்டான்... அவள் விடச் சொல்லவில்லை.